கதை எழுத உங்களுக்குத் தூண்டுதலாக இருந்த, யாரும் நாயகராக நினைக்காத மனிதர் யார்?

ஒரு முன்சீப், அதாவது சிவில் வழக்குகளை விசாரிக்கிற கீழ்க்கோர்ட்டு நீதிபதி. பெயர் சேலம் இராமசாமி முதலியார். உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1880 அக்டோபர் 21. உ.வே.சா.வுக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்கிறார் இவர். அந்தக் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலர்வார்கள். முன்சீப்பிடம் அசைவே இல்லை. சரி, என்னென்ன படித்தீர்கள்? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தூது என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார் அவர்! கடைசியில்தான் அந்தக் கேள்வி வருகிறது: சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா? இல்லை.

அப்புறம் தன்னிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கொடுக்கிறார் முதலியார். சைவ மடத்துப் படிப்பில் ஊறிய உ.வே.சா., ஒரு சமணக் காப்பியத்துக்குப் பொருள் தேடி கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. பின்னாலேயே 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

இந்தக் கதையை யார் சொன்னாலும் நாயகர் உ.வே.சா.தான், நியாயமும் அதுதான். ஆனால் எனக்கு எழுதக் கை பரபரப்பது முன்சீப்பைப் பற்றி. காலையெல்லாம் வரப்புத் தகராறும் கடன் பத்திரமும் கேட்டுத் தீர்ப்பு சொல்கிற மனிதருக்குச் சிந்தாமணி மேல் என்ன ஆசை? வந்த ஆளிடம் ஏன் அவ்வளவு கறாராகப் பேசினார்? இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் அவரை வாத்சல்யம் நிறைந்த பெரியவராக ஆக்கிக் கெடுத்திருப்பேன். நடந்ததில் அவர் பாராட்டவே இல்லை. அந்த அலட்சியம்தான் இளைஞரைச் சீண்டியிருக்கிறது. ஏறக்குறைய 60 வருஷம் கழித்து ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதும்போதும், அந்த உரையாடலைத் தேதியோடு நினைவில் வைத்திருந்தார் உ.வே.சா.!

அதிலிருந்து யாருடைய சுயசரிதையைப் படித்தாலும் இரண்டு பக்கம் வந்துவிட்டுப் போகிற ஆளைத்தான் தேடுகிறேன். பெரிய தியாகம் செய்தவர் வேண்டாம். தியாகம் என்று வந்துவிட்டால் கதையில் சிலை வைக்க ஆரம்பித்துவிடுகிறோம். தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, இடக்காக ஒரு கேள்வி கேட்டவர் போதும்.

அப்படித்தான் என் கதை ஒன்றில் ஒரு பத்திர எழுத்தர் வந்து சேர்ந்தார். அண்ணன்களுக்குப் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறாள் தங்கை. "படிச்சுப் பாத்துட்டுத்தானேம்மா போடறீங்க?" என்கிறார் இவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி, கூலிக்குள் அடக்கம். அவள் பேனாவை மூடிவிடுகிறாள். அதற்கு முன்னால் மூன்று பக்கம் அழுகையும் குடும்ப வரலாறுமாக எழுதி வைத்திருந்தேன். அவர் வந்ததும் அவ்வளவையும் அடித்துவிட்டேன்.

ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கதை நன்றாக இருக்கிறது, அந்தப் பத்திர எழுத்தருக்கு இவ்வளவு இடம் தேவையா என்று பதில் வந்தது. தேவைதான் என்று எழுதிவிட்டு, வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.