பழைய குண்டுவீச்சு விமானமும் உங்கள் பணமும்

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. இரண்டாம் உலகப் போர் விமானங்கள் என்றால் அவருக்கு உயிர். அடுத்த கோடையில் கனடா போகிறோம். ஹாமில்டன் அருங்காட்சியகத்தின் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் ஒரு சவாரிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் முன்பதிவு செய்துவிடலாமா? தொகை பெரியது. பாதுகாப்பானதுதானா? பறக்காவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: முதலில் அப்பாவின் முழங்காலை விசாரியுங்கள். லங்காஸ்டரில் ஏறும் கதவு வால் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து முன்னால் போக வேண்டுமானால் நடுவில் இறக்கையைத் தாங்கும் உத்தரம் குறுக்கே நிற்கும். குனிந்துகொண்டே ஒரு காலைத் தூக்கிப் போட்டு, உடம்பை இழுத்து, அடுத்த காலையும் கொண்டுவர வேண்டும். இருபது வயதுப் பையன்களே கனத்த உடுப்போடு அதில் இடித்துக்கொண்டு வந்தவர்கள்தாம். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வேண்டாம், சொல்லிவிட்டே செய்யுங்கள். வயது, எடை, உடல்நிலை பற்றிய நிபந்தனைகளை வாங்கிப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

உலகத்தில் இன்று பறக்கும் நிலையில் இருக்கும் லங்காஸ்டர்கள் இரண்டே இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் பிஏ474. அதில் பணம் கட்டி ஏற முடியாது. மற்றது நீங்கள் சொல்லும் ஹாமில்டன் விமானம். அங்கேயும் சவாரி உறுப்பினர்களுக்கு என்றுதான் வைத்திருக்கிறார்கள். கட்டணத்தில் உறுப்பினர் சந்தா சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ‘நைன் ஓ நைன்’ என்ற பி-17 வகை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், கட்டணப் பயணிகளோடு கிளம்பிய சில நிமிடங்களில் திரும்பி வந்து தரையிறங்கும்போது நொறுங்கியது. உள்ளே இருந்த 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். பிறகு அந்த இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த வகை இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தீப்பொறி தர இரண்டு மேக்னெட்டோ. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. நான்காவது இன்ஜினில் ஒரு மேக்னெட்டோவின் ஒயரை ஏதோ கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், அதனால் அது வேலை செய்யாமல் போனது. இன்னொன்று ஒன்பது சிலிண்டரில் நான்குக்கு பலவீனமாகத்தான் பொறி தந்தது, அல்லது தரவேயில்லை. பிளக்குகளின் இடைவெளி அளவுகூடச் சரியில்லை. இதெல்லாம் அரிய பாகமோ கிடைக்காத உலோகமோ அல்ல. ஒரு மெக்கானிக் நிதானமாக உட்கார்ந்தால் முடிகிற வேலை. அந்த விமானத்தை ஓட்டிய நிறுவனத்தின் பயணிச் சவாரி அனுமதியை 2020 மார்ச்சில் ரத்து செய்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இத்தகைய விமானங்கள் பயணிகளை ஏற்றுவது விதிவிலக்கு அனுமதியின் பேரில்தான். நீங்கள் வழக்கமாக ஏறும் பயணிகள் விமானத்துக்குரிய சான்றிதழ் இவற்றுக்குக் கிடையாது. கனடாவின் விதிமுறை தனி. ஆனால் எந்த நாடானாலும் பணம் கட்டும் முன் நான் கேட்கச் சொல்வது இவைதாம்: யார் பராமரிக்கிறார்கள், சம்பள மெக்கானிக்கா தொண்டரா, கடைசியாக இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சேர்த்தது எப்போது, பறக்கும்போது ஆட்கள் எழுந்து நடமாட விடுவார்களா, புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லோருக்கும் இருக்கையும் பெல்ட்டும் உண்டா. இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்தில் ஏறாதீர்கள். நல்ல இடங்களில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்பட்டு, போதும் போதும் என்று சொல்லுமளவுக்கு விளக்குவார்கள். அப்படியே உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் புரட்டிப் பாருங்கள். வழக்கமான பயணிகள் விமானம் தவிர மற்றவற்றில் நேரும் விபத்துக்குப் பணம் கிடையாது என்ற வரி பல பாலிசிகளில் ஒளிந்திருக்கும்.

பணம் திரும்புவது பற்றி: வானிலையாலோ பழுதாலோ ரத்தானால் பெரும்பாலும் வேறு தேதிதான் தருவார்கள். ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு வேறு தேதி என்பது காகிதத்தில் மட்டும் உதவும். ஆகவே பயணத்தின் கடைசி நாளில் சவாரியை வைக்காதீர்கள், முதல் சில நாட்களுக்குள் வையுங்கள். 2014-ல் இதே ஹாமில்டன் லங்காஸ்டர் அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்து போனது. அங்கே ஒரு இன்ஜின் படுத்துவிட, பிரிட்டிஷ் விமானப்படையினர் தங்களிடமிருந்த உதிரி மெர்லின் இன்ஜின் ஒன்றைக் கடன் கொடுத்துத்தான் சுற்றுப்பயணம் தொடர்ந்தது. அருங்காட்சியகத்துக்கே இந்த நிலை என்றால் உங்கள் சனிக்கிழமை எம்மாத்திரம்!

கேள்வி: ஏர் ஷோ விளம்பரத்தில் பெரிதாக லங்காஸ்டர் படம் போட்டு டிக்கெட் விற்றார்கள். அன்று அது வரவே இல்லை. பாதிப் பணமாவது கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைப்பது கடினம். டிக்கெட்டின் பின்பக்கம் ‘வானிலைக்கும் விமானத்தின் நிலைக்கும் உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். முழு நிகழ்ச்சியே ரத்தானால் மட்டும் பேச இடமுண்டு. பிஏ474 விமானத்தின் ஒரு இன்ஜினில் 2015 மே மாதம் தீப்பிடித்தது. அந்தப் பருவத்தில் பெரும்பகுதி அது தரையிலேயே நின்றது. அமெரிக்காவில் 2023-ல் ஒரு பி-17 விமானத்தின் இறக்கை இணைப்பு விட்டுப்போயிருந்தது தெரிந்து, மற்ற பி-17களுக்கும் அந்த இடத்தைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரே ஒரு விமானத்துக்காகப் போவதாக இருந்தால் முன்னாடியே வாங்காதீர்கள். வாசலில் விற்கும் டிக்கெட் சற்று விலை கூடினாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

கேள்வி: கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வாங்க ஆசை. எந்தத் தளத்துக்கு, எதை வாங்குவது? த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) பெட்டியும் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு பெரிய ஏமாற்றத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படத்தில் பி-17 தெரிகிறது என்பதால் அதை ஓட்ட முடியும் என்று அர்த்தமில்லை. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் சிமுலேட்டரின் இரண்டாம் உலகப் போர் தொகுப்பில் வரும் பி-17 கணினியே ஓட்டும் விமானம். நீங்கள் அதைச் சுற்றிக் காவல் பறக்கலாம், சுடலாம், உள்ளே உட்கார முடியாது. ஓட்டக்கூடியது அங்கே மொஸ்கிட்டோதான், அதற்கு இரண்டு இன்ஜின். ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற இன்னொரு போர் சிமுலேட்டரில் ஹெச்இ 111, ஜேயு 88, பிஇ-2, ஏ-20 எல்லாம் ஓட்டலாம், அத்தனையும் இரட்டை இன்ஜின். ஆகவே பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் உள்ள ‘ஓட்டக்கூடியது’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

நான்கு இன்ஜினும் வேண்டும், குண்டு போடாவிட்டாலும் பரவாயில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பக்கம் போங்கள். அங்கே சண்டை கிடையாது, பறப்பது மட்டும்தான். ஏர் ஷோவில் பார்க்கும் விமானம் செய்வதும் அதுதானே! ஆனால் தோற்றம் அழகாயிருந்து உள்ளே ஒன்றுமில்லாத தொகுப்புகள் நிறைய. பார்க்க வேண்டியது இன்ஜின். ஏ2ஏ நிறுவனம் எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் காலத்தில் செய்த பி-17 ஏன் இன்னும் பேசப்படுகிறது தெரியுமா? நேற்று நீங்கள் இன்ஜினைச் சூடேற்றிக் கெடுத்திருந்தால் இன்றும் அது கெட்டே இருக்கும். ஹேங்கரில் போய்ப் பழுது பார்த்தாக வேண்டும்.

நானும் ஒருமுறை ஒரு நிறுவனத்தின் குண்டுவீச்சு விமானத்தைப் படத்தைப் பார்த்தே வாங்கினேன். நான்கு த்ராட்டிலையும் முழுக்கத் தள்ளி, குளிரூட்டும் மடல்களை மூடிவிட்டு முக்கால் மணி நேரம் பறந்தேன். வெப்பமானி முள் அசையவே இல்லை. காற்றால் குளிரும் உண்மையான ரேடியல் இன்ஜின் என்றால் கொஞ்ச நேரத்தில் கதை முடிந்திருக்கும். பணத்தைக் கேட்டேன், பதில் வரவில்லை.

அதனால் சோதித்து வாங்குங்கள். டிசிஎஸ் தன் சொந்தக் கடையில் பல விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கத் தருகிறது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், வாங்கிய பின் மூல விளையாட்டை 2 மணி நேரத்துக்குள் ஓட்டியிருந்தால் பணம் திரும்பும். குண்டுவீச்சு விமானத்தை உயிர்ப்பிக்கவே அரை மணி போய்விடும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் எந்தப் பதிப்புக்கு என்பதையும் பாருங்கள். 2020 பதிப்புக்கு வாங்கியது 2024-ல் ஓடுமா என்பதை விற்பவர் எழுத்தில் சொல்லட்டும்.

பெட்டி விஷயம்: பி-17 விமானத்தில் நான்கு த்ராட்டில், நான்கு புரொப்பெல்லர், நான்கு எரிபொருள் கலவை, ஆக 12 நெம்புகோல். ஆறு நெம்புகோல் உள்ள பெட்டியே போதும். நான்கை த்ராட்டிலுக்குக் கொடுத்து, மீதி இரண்டில் புரொப்பெல்லர் நான்கையும் கலவை நான்கையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். த்ராட்டிலை மட்டும் பிரித்தே வையுங்கள். ஒரு இன்ஜின் நின்றால் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்.

கேள்வி: வீட்டுக் காக்பிட்டுக்கு அலங்காரமாக உண்மையான போர்க்கால உயரமானி ஒன்று ஏலத்தில் வருகிறது. கண்ணாடி விரிசல், எண்கள் மங்கல். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கால முட்களும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள். ஒளிரும் பொருள்தான் செத்திருக்கும். ரேடியத்துக்கு அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி முழுசாயிருந்து அலமாரியில் இருந்தால் ஒரு மாதிரி. விரிசல் விட்டதென்றால் உள்ளே உதிரும் தூள் மூச்சோடு போகும். ‘சுத்தம் செய்து புதுசாக்கித் தருகிறேன்’ என்று யாராவது திறந்தால் இன்னும் மோசம். பல நாடுகளில் இதை அஞ்சலில் அனுப்பவும் கட்டுப்பாடு உண்டு. அச்சு அசலாக நகல் முகப்புகள் விற்கிறார்கள், அவை போதும்.

கேள்வி: சவாரிக்கும் வசதியில்லை, ஏர் ஷோவுக்கும் போக முடியாது. லண்டனில் ஒருநாள் மட்டும் இருப்பேன். என்ன பார்க்கலாம்?

பதில்: ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நூறு தாக்குதல்களுக்கு மேல் போய்த் திரும்பிய லங்காஸ்டர் அங்கே நிற்கிறது. இந்த மியூசியத்தின் சேகரிப்பில் லிபரேட்டர் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானமும் ஒன்று உண்டு, அது நம் விமானப்படையில் இருந்தது! போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் சிதைத்துப் போட்டுப்போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். என்ற இந்திய விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் ஆட்கள் தட்டிக்கொட்டி நிமிர்த்தினார்கள். அவற்றை முன்ஷி என்ற சோதனை விமானி பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 1968 வரை அந்த வகை விமானங்கள் இந்தியாவுக்காகப் பறந்தன. அதற்குப் பிறகு சில இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயின. மியூசியத்துக்கு இரண்டு கிளைகள் உண்டு, சேகரிப்பையும் அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். கிளம்பும் முன் லிபரேட்டர் எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.