ஒரு விழுக்காடு நைட்ரஜன்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நிபோங் திபாலில் முதுகலை படிக்கிறேன். காலியம் ஆர்சனைடின் பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) 1.42 எலக்ட்ரான் வோல்ட், காலியம் நைட்ரைடுக்கு 3.4. ஆர்சனிக் இடங்களில் 1 விழுக்காட்டில் நைட்ரஜனை வைத்தால் வேகார்ட் கணக்குப்படி, அதாவது இரண்டையும் கலப்பு விகிதத்தில் சராசரி எடுத்தால், 1.44 வரவேண்டும். எங்கள் மாதிரியின் ஒளிர்வு உச்சி 1000 நானோமீட்டர் பக்கம் நிற்கிறது, அதாவது 1.24. 2 விழுக்காட்டு மாதிரியில் உச்சியே தெரியவில்லை. இண்டியமும் கலந்த இன்னொன்றை 700 டிகிரியில் சூடேற்றியதும் வெளிச்சம் கூடியது, அலைநீளம் குறைந்தது. நைட்ரஜன் வெளியேறிவிட்டதா?

ம., பினாங்கு

அன்புள்ள தம்பி ம.,

உங்கள் 1.24 சரியான எண்தான். சராசரி எடுத்ததுதான் தவறு.

காலியத்தோடு அலுமினியத்தைக் கலந்தால் சராசரி ஓரளவு பொருந்தும், இரண்டும் அளவில் ஒத்தவை. நைட்ரஜன் ஆர்சனிக்கைவிட மிகச் சிறியது. எலக்ட்ரானை இழுக்கும் திறனோ பாலிங் அளவுகோலில் 3.04, ஆர்சனிக்குக்கு 2.18. இவ்வளவு வேறுபட்ட அணு கூட்டத்தில் கரையாது, தன்னைச் சுற்றித் தனி ஆற்றல் நிலை ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். காலியம் ஆர்சனைடில் அந்த நிலை, இடைவெளிக்குக் கீழேயுள்ள இணைதிறன் பட்டையின் உச்சியிலிருந்து 1.65 உயரத்தில், அதாவது இடைவெளிக்கு மேலேயுள்ள கடத்துப் பட்டையின் அடிவிளிம்புக்கு 0.23 மேலே இருக்கிறது. நிலையும் விளிம்பும் ஒன்றையொன்று தள்ளும். கீழே தள்ளப்பட்ட விளிம்பைத்தான் நீங்கள் அளந்தீர்கள். 1999இல் ஷான், வலுகேவிச் குழுவினர் தந்த விளக்கம் இது.

கையாலேயே போட்டுப் பாருங்கள். 0.23இன் வர்க்கம் 0.053. நிலையும் விளிம்பும் எவ்வளவு வலுவாகத் தள்ளிக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் பிணைப்பு மாறிலி 2.7, அதன் வர்க்கம் 7.29. அதை 4ஆலும், நைட்ரஜன் அளவான 0.01ஆலும் பெருக்கினால் 0.292. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.587. இனி 1.42ஐயும் 1.65ஐயும் கூட்டி, 0.587ஐக் கழித்து, பாதியாக்குங்கள்: 1.24. நைட்ரஜன் அளவு வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் முதல் சிட்டிகைதான் அதிகம் இழுக்கும். பிறகு சேர்ப்பதற்குப் பலன் குறைந்துகொண்டே போகும்.

இதை மாசூட்டலோடு (எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றச் சிறிதளவு வேற்றணு சேர்ப்பதோடு) குழப்பிக்கொள்ள வேண்டாம். காலியம் ஆர்சனைடில் சிலிக்கானைக் கன சென்டிமீட்டருக்கு 10^18 அணு போட்டால் எலக்ட்ரான்கள் கூடும், பட்டை பெரும்பாலும் அப்படியே இருக்கும். நைட்ரஜனும் ஆர்சனிக்கும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி என்பதால் எலக்ட்ரான் கூடாது. ஆனால் 1 விழுக்காடு என்பது 2×10^20 அணு, பட்டையே வளைகிறது. வளைந்த பட்டையில் எலக்ட்ரான் கனமாகிவிடும், வேகமும் சரியும்.

பாயான் லெப்பாஸில் எல்இடி வரிசையில் வேலை பார்த்தவர்களுக்கு இதே நைட்ரஜனை வேறு முகத்தில் தெரிந்திருக்கும். பழைய மஞ்சள்பச்சை விளக்குகளின் காலியம் பாஸ்பைடில் அதன் நிலை கடத்துப் பட்டைக்குச் சற்றுக் கீழே விழுகிறது. எலக்ட்ரானைப் பிடித்து வைத்து, சாதாரணமாக ஒளிர மறுக்கும் பொருளை ஒளிர வைக்கிறது. ஒரே அணுதான். நிலை விளிம்புக்கு மேலா கீழா என்பதில் குணமே மாறுகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2 விழுக்காட்டுக்கு அதே கணக்கு 1.14 தரும், ஏறக்குறைய 1090 நானோமீட்டர். அங்கே சிலிக்கான் உணரிக்குப் பார்வை மங்கிவிடும். இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரிக்கு மாறுங்கள். 532 பச்சை லேசர் என்றால் உணரிக்கு முன்னால் நீளலை வடிகட்டி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் லேசரின் இரண்டாம் படி (இருமடங்கு அலைநீளத்தில் தெரியும் போலி உச்சி) 1064இல் ஊசிபோல எழும். அகலமான உச்சிதான் மாதிரியுடையது.

நைட்ரஜன் வெளியேறியது என்பது அவசர முடிவு. குறைந்த வெப்பத்தில் வளர்த்த படிகத்தில், தன் இடத்தில் உட்காராமல் சந்துகளில் சிக்கிய நைட்ரஜன் ஒளியை விழுங்கும். சூடேற்றினால் அக்குறைகள் குறையும், வெளிச்சம் கூடும். கூடவே நைட்ரஜனைச் சுற்றியுள்ள காலியம் அண்டைகளில் சில இண்டியமாக மாறும், அதனால் இடைவெளி சற்று விரியும். உறுதி செய்ய, சூடேற்றுமுன்னும் பின்னும் எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) அளவீடு எடுங்கள். அடுக்கின் உச்சி நகரவில்லை என்றால் கலவை மாறவில்லை.

700 டிகிரியில் ஆர்சனிக்தான் மேற்பரப்பை விட்டு ஓடப் பார்க்கும். மாதிரியின் முகத்தை வெறும் காலியம் ஆர்சனைடு வில்லை (வேஃபர்) ஒன்றின் முகத்தோடு கவிழ்த்து வைத்து, நைட்ரஜன் வாயு ஓட்டத்தில் ஒரு நிமிடம் சூடேற்றுங்கள். எடுத்தபின் மேற்பரப்பு பால்படிந்தது போலிருந்தால் அந்த மாதிரியின் அளவீடுகளை எடுத்துக்கொள்ளாதீர்கள்.