பழைய ஜேசிபி வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது?

ஈரோடு பக்கம் பன்னிரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். இரண்டுமே பழசாக வாங்கியவைதான்.

முதலில் உங்கள் ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்று பாருங்கள். அஸ்திவாரம், செப்டிக் டேங்க், பைப் லைன், டிப்பருக்கு மண் அள்ளுவது என்றால் டயர் வண்டியான ஜேசிபி சரி. ஏறக்குறைய ஏழரை டன் எடை, 76 குதிரைத்திறன் உள்ள வண்டிதான் பெரும்பாலும் ஓடுகிறது. தானே ரோட்டில் ஓடிப் போய்விடும், ஒரே நாளில் மூன்று இடத்தில் வேலை முடிக்கலாம். ஏரி தூர் வாருவது, கிணறு வெட்டுவது, பாறை உடைப்பது என்று தொடர்ந்து கனமான வேலை வந்தால் செயின் வண்டி வேண்டும், நம் ஊரில் ஹிட்டாச்சி, பொக்லைன் என்கிறோமே அது. ஆனால் அதை ஒவ்வொரு முறை இடம் மாற்றவும் டிரெய்லர் பிடிக்க வேண்டும். ஜேசிபியில் பிரேக்கர் மாட்டி நாள் முழுக்கப் பாறை உடைக்கிறவர்களும் உண்டு. என் வண்டிகளுக்கு அந்த வேலையை நான் எடுப்பதில்லை. பின்பக்கம் தோண்டுகிற கையான பூமும், அதன் மூட்டுகளைக் கோக்கிற இரும்புப் பின்களும் சீக்கிரம் போய்விடும்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். என்ஜினின் உண்மை நிலை குளிர்ந்த ஸ்டார்ட்டிங்கில்தான் தெரியும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள், பலமாகக் காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

அடுத்தது ஹைட்ராலிக். பூமை நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. அப்புறம், பூம் சேஸிஸோடு சேருகிற கிங் போஸ்ட். பக்கெட்டைத் தரையில் ஊன்றி லேசாக இடம் வலம் ஆட்டச் சொல்லி, பின்களில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்காமல் எட்ட நின்று பாருங்கள். பின்னைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ் மட்டும் மாற்றினால் போதுமென்றால் செலவு குறைவு. அது உட்காருகிற ஓட்டையே தேய்ந்திருந்தால் வெல்டிங், போரிங் என்று பெரிய தொகை இழுக்கும். வண்டி ஓடிய மணிக்கணக்கைச் சொல்லும் ஹவர் மீட்டர் நாலாயிரம் காட்டும், பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். நான் பெடலைத்தான் நம்புவேன். ஆர்சியில் இருக்கும் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இல்லை என்று பைனான்ஸ் கடிதம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பில் நான் முக்கியமாக நினைப்பது காலையில் கிரீஸ் அடிக்கிற அந்தக் கால் மணி நேரம். பழைய கிரீஸ் பிதுங்கிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு பின்னாகச் சுற்றி வரும்போதுதான் வெல்டிங்கில் விழுந்த கீறல், தளர்ந்த போல்ட், ஈரமான ஹோஸ் எல்லாம் கண்ணில் படும். கிரீஸை மிச்சம் பிடித்தவர்கள், பின்களெல்லாம் தேய்ந்துபோய், என்ஜின் நன்றாக இருக்கும்போதே வண்டியை விற்றதைப் பார்த்திருக்கிறேன். ஆயில், பில்டர் மாற்றும் மணிக்கணக்கு கையேட்டில் இருக்கிறது, அதை மீற வேண்டாம்.

ஹோஸில் ஆயில் கசிந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே 200 பாருக்கு மேல் அழுத்தம் போகும், கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம். அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு காலி மனையில் செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தேன். தோண்டும்போது வண்டியைத் தாங்க இரண்டு பக்கமும் ஊன்றுகிற கால்தான் ஜாக்கி. திடீரென இடது பக்க ஜாக்கி மண்ணுக்குள் இறங்கி வண்டி சாய்ந்தது. குதிக்கத்தான் மனசு சொன்னது, பெல்ட் போட்டிருந்ததால் சீட்டிலேயே இருந்தேன். குதித்திருந்தால் சாய்ந்த பக்கம்தான் விழுந்திருப்பேன். பூமை எதிர்ப்பக்கம் ஊன்றி மெதுவாக நிமிர்த்தினேன். பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "தம்பி, அங்க எங்க காலத்துல கிணறு இருந்துச்சு, குப்பையும் மண்ணும் கொட்டி மூடுனாங்க" என்றார். அன்றிலிருந்து எந்த மனைக்குப் போனாலும் ஜாக்கியை இறக்கும் முன்பே அக்கம்பக்கத்து வயசானவர்களிடம் கிணறு, பழைய டேங்க், பைப், கேபிள் பற்றிக் கேட்டுவிடுகிறேன். ஜாக்கிக்கு அடியில் போட நான்கு கனமான பலகைகள் வண்டியிலேயே இருக்கின்றன.

குழி ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ ஆளை இறக்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, இடுப்பு வரை மூடினாலே ஆளை இழுக்க முடியாது. அள்ளின மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும் தவறு, அந்தப் பாரமே சுவரைச் சரிக்கும்.

மேலே கரண்ட் கம்பி போனால் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே பூம் நிற்க வேண்டும், உயர் அழுத்த டவர் லைன் என்றால் அதைவிட அதிகம். முடியாதென்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்காமல், யாரும் கிட்டே வராதபடி சத்தம் போடுங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலகுங்கள்.

திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் பக்கெட்டில் ஆள் ஏற்றிப் பூத்தூவவும், ராட்சத மாலை போடவும் கூப்பிடுவார்கள், நல்ல காசும் தருவார்கள். நான் போவதில்லை. ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், மேலே நிற்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சொந்தக்காரர்களே கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

ஹெல்பர் இல்லாமல் வேலைக்கு அனுப்பாதீர்கள். பூம் சுற்றுகிற வட்டத்துக்குள் யாரும் வராமல் பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் கண்ணில் படவில்லை என்றால் லீவரை விட்டுவிட வேண்டும் என்று ஆபரேட்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். இரண்டு பிரேக் பெடல் உள்ள வண்டியில், ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அப்படியே இழுத்துக்கொண்டு போகும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட வேண்டாம். நான் முதல் வண்டி வாங்கிய இரண்டாவது வாரமே இரண்டு ஹோஸும் ஒரு பின் டயரும் போயின.