கேள்வி – பதில்: அத்தையின் வால்வும் அஸ்வான் ஆஸ்பத்திரியும்

கே: நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு லண்டன், அமெரிக்கா என்று பறந்துவிடும் டாக்டர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களுக்கு வராதா? (வாசகர், கரூர்)

ப: வந்துகொண்டுதான் இருந்தது. மக்டி யாகூப் என்ற இதய சர்ஜனைப் பற்றிப் படித்த பிறகு அது கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. நம்மூர்க்காரர் இல்லை, எகிப்துக்காரர். 1935-ல் பில்பெய்ஸ் என்ற ஊரில் ஒரு காப்டிக் (எகிப்தின் பழமையான கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்தவர், அப்பாவும் சர்ஜன். யாகூப் சின்னப் பையனாக இருக்கும்போது அவருடைய அத்தை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கை, பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார். இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே ரத்தத்துக்கு வழிவிடும் கதவான மிட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். தானே ஒரு சர்ஜனாக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற வழியில்லாமல் அப்பா உடைந்துபோனதைப் பார்த்துத்தான் இதய டாக்டராவது என்று முடிவு செய்தேன் என்று யாகூபே சொல்லியிருக்கிறார்.

1957-ல் கெய்ரோவில் டாக்டர் பட்டம் வாங்கினார், அறுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குக் கிளம்பிவிட்டார். ஆக, உங்கள் ஆத்திரத்துக்கு ஆளாகவேண்டியவர்தான். 1969-ல் அவருக்குக் கிடைத்த இடம் லண்டனுக்கு மேற்கே ஹேர்ஃபீல்டு என்ற கிராமத்து ஆஸ்பத்திரி, ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களைத் தங்கவைத்த இடம். 1980-ல் அங்கே இதய மாற்று சிகிச்சையைத் தொடங்கினார், கொஞ்ச வருஷத்தில் உலகமே அந்தக் கிராமத்தைத் திரும்பிப் பார்த்தது. 1982-ல் அங்கே மாற்று இதயம் வைத்துக்கொண்ட ஒருவரிடம் ஐந்து வருஷம் தாங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மனுஷன் 33 வருஷம் இருந்து கின்னஸில் பெயர் பதித்துவிட்டு 2016-ல்தான் போய்ச் சேர்ந்தார்.

சரி, இதெல்லாம் பிரிட்டனுக்கு லாபம், எகிப்துக்கு என்ன வந்தது என்பீர்கள். 1995-ல், வசதியில்லாத நாடுகளில் இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்காக ‘செயின் ஆஃப் ஹோப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 2001-ல் பிரிட்டன் அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு. பேரன் பேத்தியோடு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுபதைத் தாண்டிய வயதில், 2009-ல், எகிப்தின் தென்கோடியில் இருக்கும் அஸ்வானில் ஓர் இதய மையம் திறந்தார். பணமும் செல்வாக்கும் இருக்கிற கெய்ரோவில் அல்ல, அங்கிருந்து ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகவேண்டிய ஊரில். சிகிச்சை இலவசம். நம் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் “அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?” என்று கேட்பார்களே, அந்தக் கேள்வி அங்கே கிடையாது. அதைவிட எனக்குப் பிடித்தது, உள்ளூர்ப் பிள்ளைகளையே சர்ஜன்களாகவும் நர்ஸுகளாகவும் பழக்கிவிட்டார், கிழவர் வந்து நின்றால்தான் ஆபரேஷன் என்ற நிலை இல்லை.

எல்லோரும் யாகூப் ஆகிவிட மாட்டார்கள், தெரியும். நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் நாற்காலி காலியாக இருக்கும்வரை உங்கள் ஆத்திரத்தில் பாதி நியாயம் அப்படியே இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கே: உயிரோடு இருக்கும் ஒருவர் தன் இதயத்தைத் தானம் செய்ய முடியுமா? முடியும் என்று வாட்ஸ்அப்பில் அடித்துச் சொல்கிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

ப: வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மையாக இருக்கிற அபூர்வ விஷயம் இது. சிலருக்கு நுரையீரல் மட்டும் கெட்டிருக்கும், இதயம் நன்றாகவே துடிக்கும். அந்தக் காலத்தில் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே மாற்றுவது சர்ஜன்களுக்குச் சௌகரியமாக இருந்தது. அப்படி மாற்றும்போது வெளியே எடுத்த நல்ல இதயத்தை என்ன செய்வது? அடுத்த அறையில் காத்திருப்பவருக்கு வைத்துவிட்டார்கள்! ‘டோமினோ’ என்று பெயர். 1987-ல் ஹேர்ஃபீல்டில் யாகூப் இதைச் செய்தார். இதயம் கொடுத்தவர் இன்னொரு இதயத்தோடு எழுந்து நடந்தார். இப்போது நுரையீரலை மட்டும் தனியாக மாற்றிவிடுவதால் இது அரிதாகிவிட்டது.

கே: என் மகளுக்கு 11 வயது. தொண்டை வலி வந்து போன பிறகு முட்டி, கணுக்கால் என்று வலி மாறி மாறி வந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அழுகிறாள். இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள், நிறுத்திவிடலாமா? (ஒரு தாய், தேனி)

ப: நிறுத்தாதீர்கள் அம்மா. நான் டாக்டர் இல்லை, ஆனால் இதை மட்டும் தயங்காமல் சொல்வேன். மேலே சொன்ன அத்தையின் வால்வு சுருங்கியது மாதிரி நடப்பதற்கு, இந்தக் காய்ச்சல்தான் உலகம் முழுக்க முக்கியக் காரணம். தொண்டையில் வரும் கிருமியோடு சண்டை போடுகிற நம் உடம்பு, ஆள் தெரியாமல் இதய வால்வையும் சேர்த்துத் தாக்குகிறது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் தடித்து ஒட்டிக்கொள்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கும். பிறகு கல்யாணமாகி கர்ப்பம் தரிக்கும்போது, உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறும்போதுதான், அந்தச் சின்ன வழி போதாமல் மூச்சு முட்டும். யாகூபின் அத்தை காலத்தில் பென்சிலின் மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை. உங்கள் ஊரில் இருக்கிறது.

வலிக்கும் என்பது உண்மைதான். என் அக்காவுக்குப் பள்ளிக்கூட வயதில் இதே ஊசி. பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும், போட்ட அன்று நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். ஒரு நர்ஸம்மா மட்டும் மருந்துக் குப்பியைக் கொஞ்ச நேரம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, குளிர் போனபிறகு, மெதுவாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுவார். அவர் டியூட்டியில் இருக்கும் நாளைத் தெரிந்துகொண்டு அம்மா தினசரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பார். உங்கள் ஆஸ்பத்திரியிலும் அடுத்த முறை இப்படிப் போடமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை வருஷம் என்பதை மட்டும் டாக்டரே சொல்லட்டும்.