ஃபிரையர்: துறவியா, சகோதரரா?

கேள்வி: கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிப் படிக்கும்போது வரும் ஆங்கிலச் சொற்கள் 'ஃபிரையர்' (friar), 'மாங்க்' (monk) இரண்டுக்கும் அகராதியில் 'துறவி' என்றே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. மாங்க் என்ற சொல்லுக்கு வேர் 'மோனோஸ்'. கிரேக்கத்தில் 'தனி' என்று பொருள். ஃபிரையரோ லத்தீன் 'ஃபிராத்தர்', அதாவது சகோதரன். பழைய பிரெஞ்சில் 'ஃபிரேர்' ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து இப்படி உருமாறியது. வடமொழி 'பிராதா', ஆங்கில 'பிரதர்' எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

வாழும் முறையும் வேறு. மாங்க் ஒரே மடத்தில் நிலைத்திருப்பார். 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய பிரான்சிஸ்கன் சபையாரும் புனித சாமிநாதர் (தோமினிக்) சபையாரும் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்கள், கையேந்தி உண்டார்கள். அசிசி பிரான்சிஸ் தம்மவர்களுக்கு வைத்த பெயரே 'சிறிய சகோதரர்கள்'. 'துறவி' என்று மொழிபெயர்த்தால் குற்றமில்லை. ஆனால் பெயருக்குள் இருக்கும் அந்தத் தம்பி காணாமல் போய்விடுகிறார். நானாக இருந்தால் 'துறவறச் சகோதரர்' என்றே எழுதுவேன்.

கேள்வி: இத்தாலியப் பெயர்களுக்கு முன்னால் வரும் 'ஃப்ரா'?

பதில்: அதே சொல்லின் சுருக்கம். ஓவியர் ஃப்ரா ஆஞ்செலிகோ சாமிநாதர் சபைக்காரர். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494இல் அச்சில் விளக்கிய ஃப்ரா லூக்கா பச்சோலி பிரான்சிஸ்கன். காமர்ஸ் மாணவர்கள் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் இந்தச் சகோதரரைத் திட்டலாம். கூடப் பிறந்தவனுக்கு இத்தாலியில் 'ஃப்ராத்தெல்லோ' என்று தனிச் சொல் உண்டு.

கேள்வி: பட்டாணிச் செடி மெண்டல்?

பதில்: அவரும் ஃபிரையர்தான், அகுஸ்தினார் சபை.

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பள்ளி பிரதர் ஏன் கோயிலில் பூசை வைப்பதில்லை?

பதில்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்தவர் அவர். பூசை வைக்கத் தேவையான குருப்பட்டம் பெறவில்லை, அவ்வளவுதான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், குருவாவதற்காகக் குருமடத்தில் படிக்கிறவரையும் நாம் 'பிரதர்' என்றே கூப்பிடுகிறோம். அவர் பட்டம் பெற்றதும் 'ஃபாதர்' ஆகிவிடுவார். உங்கள் பள்ளிக்காரர் கடைசிவரை பிரதர்தான்.

கேள்வி: சரி, 'சகோதரர்' தமிழா?

பதில்: வடமொழி. சஹ, உதரம்: ஒரே வயிறு. வேடிக்கை என்னவென்றால், புதிய ஏற்பாட்டில் 'சகோதரரே' என்று வரும் இடங்களின் கிரேக்கச் சொல்லான 'அடெல்ஃபோஸ்' என்பதும் இதே கட்டுமானம்தான்: ஒரே கருப்பை. நம் 'உடன்பிறந்தார்' வயிற்றைச் சொல்லாமலே அதைச் சொல்லிவிடுகிறது.