கப்பை யார் எடுத்தது?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்குச் செங்கோட்டை. மாமனாரின் அப்பா காலத்து வீடு, பட்டாசலும் அடுக்களையும் தாண்டிப் பின்கட்டில் ஒரு அறையைத் தடுத்துக் குளியலறை கட்டியிருக்கிறார்கள். நாலு செம்பு தண்ணீர் ஊற்றினாலே பாதம் முங்க நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் சாக்கடை வாடை குப்பென்று முகத்தில் அடிக்கிறது. போன மாதம் பிளம்பர் வந்து கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். ஒரு வாரம் தண்ணீர் வேகமாகப் போனது, ஆனால் நாற்றம் முன்னைவிட அதிகமாகிவிட்டது. இப்போது தண்ணீரும் நிற்கிறது. ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டாயிற்று. தரையை உடைத்து மொத்தக் குழாயையும் மாற்ற வேண்டும் என்கிறார். உடைக்கலாமா?
வாசகி, செங்கோட்டை

பதில்: இப்போதைக்கு உடைக்காதீர்கள். கம்பி விட்ட பிறகு தண்ணீர் வேகமாகப் போனது, நாற்றம் மட்டும் கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை அந்த வரியிலேயே இருக்கிறது. அடைப்பினால்தான் நாற்றம் என்றால் அடைப்பு போனதும் நாற்றமும் குறைந்திருக்க வேண்டுமே. உங்கள் குளியலறைக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனி நோய், ஒன்றுக்குப் பார்த்த வைத்தியத்தில் மற்றது முற்றிவிட்டது.

பழைய குளியலறைகளில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியைத் தூக்கினால் அடியில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரி ஒன்று இருக்கும். சிலதில் ஜாலியோடு ஒட்டியே வரும், சிலதில் தனியாக வரும். எங்கள் பக்கத்தில் கப்பு என்பார்கள். (கப்பை என்றதும் மலைக்கு அந்தப் பக்கத்து வாசகர்கள் மரச்சீனிக் கிழங்கை நினைத்துவிட வேண்டாம்.) குழிக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், நடுவில் குழாயின் வாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் இந்தக் கப்பு கவிழ்ந்து, விளிம்பு தண்ணீருக்குள் முங்கியிருக்கும். நாம் ஊற்றுகிற தண்ணீர் விளிம்புக்கு அடியில் புகுந்து மேலேறிக் குழாய்க்குள் விழுந்துவிடும், ஆனால் குழாய்க்குள் இருந்து வருகிற வாடைக்கு அந்தத் தண்ணீரைத் தாண்ட வழியில்லை.

முடி சிக்குவதும் அந்த விளிம்பில்தான். அதனால் தண்ணீர் நின்றால் பிளம்பரோ வீட்டில் யாராவதோ முதலில் செய்கிற காரியம் கப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது. அப்புறம் அது ஓரத்திலேயே இருந்துவிடும். தண்ணீர் ஜோராகப் போகும், ஆனால் வாசலில் ஓடும் வாறுகாலுக்கும் உங்கள் குளியலறைக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. எங்கள் வீட்டில் நாலு வருஷம் பினாயிலும் பாச்சா உருண்டையும் வாங்கித் தீர்த்த பிறகு, கப்பு கிணற்றடியில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். என் அம்மா அதை நிமிர்த்தி வைத்து அதில் 501 பார் சோப்பு போட்டுவைத்திருந்தார்.

சரி, முதலில் அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஜாலியை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் அதே அளவில் கப்பு வைத்தது வேண்டும் என்று கேளுங்கள். அளவு சரியாக இல்லாவிட்டால் விளிம்பு தண்ணீரைத் தொடாது, தொடாவிட்டால் வாங்கியும் பிரயோசனமில்லை. போடுவதற்கு முன் கையுறை மாட்டிக்கொண்டு குழிக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் வழித்து எடுங்கள். சீயக்காயும் எண்ணெயும் சோப்பும் முடியும் சேர்ந்து கறுப்பாக, கூழ் மாதிரி வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்கிற வேலைதான், ஆனால் நாற்றத்தில் ஒரு பங்கு அந்தக் கூழிலிருந்தே வருகிறது. குழாய் வாய்க்குள் இருக்கும் முடியைக் குத்தித் தள்ளாதீர்கள், தள்ளினால் அது நாலு அடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் தண்ணீர் மறுபடி நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். கட்டுக்கம்பியின் நுனியைத் தூண்டில் மாதிரி வளைத்து உள்ளே விட்டு, திருகி, வெளியே இழுங்கள். ஒரு முழ நீளத்துக்குச் சடை மாதிரி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய உடனே நின்றால் வாயிலேயே இன்னும் முடி இருக்கிறது. அரை வாளி வரை மடமடவென்று இறங்கி, பிறகு எழும்பி வந்தால் குழாயில் தள்ளி எங்கோ அடைப்பு. வெளியே சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) இருந்தால் மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் உள்ளே ஊற்ற இன்னொருவர் அங்கே நின்று தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். 1956 நவம்பர் வரை மலையாள ராஜ்ஜியத்தோடு இருந்த ஊர் உங்களுடையது, அந்தக் காலத்து வீடுகளில் குளியல் எல்லாம் கிணற்றடியில்தான். வீட்டுக்குள் குளியலறை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, அதனால் குழாய்க்கு இருக்கிற இடத்தில்தான் வாட்டம் கொடுத்திருப்பார்கள். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்து அடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் இருந்தால் நல்லது. போதாதற்குப் பழைய மண் குழாய், மூன்று அடிக்கு ஒரு சிமெண்ட் ஜாயிண்ட், பக்கத்தில் முருங்கையோ வேம்போ நின்றால் வேர் ஜாயிண்ட் வழியாக உள்ளே புகுந்து வலை மாதிரி விரிந்து கிடக்கும். அப்படி இருந்தாலும் அந்த இடத்தைத் தோண்டினால் போதும். எங்கே அடைப்பு என்று காட்டாமல் மொத்தத் தரையையும் உடைக்கச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆசிட்டை நிறுத்துங்கள். முடியை அது லேசில் கரைக்காது, சிமெண்ட் ஜாயிண்டைத்தான் தின்னும். அதைவிட முக்கியம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கிற குளியலறையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை, மூச்சுத் திணறி விழுந்துவிடுவீர்கள். இதுவரை ஒன்றும் ஆகாதது உங்கள் நல்ல நேரம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம், நடுவில் பி.வி.சி. குழாய் இருந்தால் இளகிவிடும். கை பொறுக்கிற சூடு போதும், சோப்புப் பிசுக்கு அதிலேயே விடும்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். மாடியில் அவனுக்காகக் கட்டிய பாத்ரூம் புதுசு, யாரும் புழங்குவதே இல்லை. ஆனாலும் அவன் லீவில் வந்து கதவைத் திறந்தால் நாறுகிறது. புழங்காத பாத்ரூம் எப்படி நாறும்?
வாசகர், புளியரை

பதில்: புழங்காததால்தான் நாறுகிறது. மேலே சொன்ன அதே தண்ணீர்தான் விஷயம். நல்ல ட்ராப்பில் (வாடையை மறிக்கத் தண்ணீர் தேங்கி நிற்கிற அமைப்புக்கு அதுதான் பெயர்) 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், சித்திரை வெயிலில் சில வாரங்களில் அது வற்றிவிடும். வாரம் ஒருமுறை மேலே போய் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள், வாஷ்பேசினையும் மறக்க வேண்டாம். மாடி ஏற முடியாது என்றால், தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துபோகும்.

கேள்வி: வெயில் காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. இடவப்பாதி மழை தொடங்கியதும் குளிமுறி, அடுக்களை, கக்கூஸ் எல்லா இடத்திலும் தண்ணீர் இறங்க மறுக்கிறது, குளுக் குளுக் என்று சத்தம் வேறு.
வாசகர், ஆரியங்காவு

பதில்: எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் என்றால் குளியலறையைக் குறை சொல்லிப் பயனில்லை, கடைசியில் போய்ச் சேருகிற இடத்தைப் பாருங்கள். உங்கள் பக்கத்து மழையில் மண் ஊறிவிட்டால் உறிஞ்சுகுழி எங்கே உறிஞ்சும்? செப்டிக் டேங்கும் நிரம்பியிருக்கலாம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது அது. எடுக்கும்போது லாரி வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். ஆள் இறக்கவே கூடாது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம், உள்ளே இருக்கிற வாயு ஒரு நிமிஷத்தில் ஆளை விழுத்திவிடும். குளுக் குளுக் சத்தம் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்வதால் வருவது. காற்றுக் குழாய் இருந்தால் அதன் வாயில் குருவி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அதெல்லாம் மழை விட்ட பிறகு செய்கிற வேலை. இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கூரைத் தண்ணீர் இறங்கும் பைப்பை யாராவது உறிஞ்சுகுழிக்கோ சேம்பருக்கோ சேர்த்துவிட்டிருந்தால் அதைக் கழற்றித் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள்.