தோற்கும்போதும் பாடுகிற பாட்டு

கேள்வி: இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் ஆட்டம் தொடங்குவதற்கு முன் அரங்கமே எழுந்து நின்று ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ (நீ ஒருபோதும் தனியாக நடக்கமாட்டாய்) என்று பாடுகிறது. அந்தப் பாட்டில் பந்தும் இல்லை, அணியின் பெயரும் இல்லை. அது கால்பந்துக்காக எழுதப்பட்டதுதானா?

பதில்: இல்லை, அது நாடகப் பாட்டு. 1945-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய ‘கரோசல்’ என்ற இசை நாடகத்துக்காக ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுத, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்தார். கணவனைப் பறிகொடுத்து நிற்கும் இளம்பெண்ணைத் தேற்றுவதற்காக அவளுடைய உறவுக்காரப் பெண்மணி பாடுவதாக அது நாடகத்தில் வருகிறது.

லிவர்பூல்காரரான ஜெர்ரி மார்ஸ்டன் 1963-இல் தம் ‘ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்’ குழுவுடன் அதை இசைத்தட்டாக வெளியிட, பிரிட்டன் தரவரிசையில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு அரங்கில், ஆட்டத்துக்கு முன் அந்த வாரத்தின் முதல் பத்துப் பாடல்களை ஒலிபெருக்கியில் போடுவது அக்கால வழக்கம். கோப் என்னும் நின்று பார்க்கும் பகுதியில் திரண்டிருந்தவர்கள் கூடவே பாடுவார்கள். வாரங்கள் கடந்து பாட்டு பட்டியலிலிருந்து இறங்கிய பின்னும் அவர்கள் இதை மட்டும் விடவில்லை. ஆக, இது ரசிகர்கள் தாங்களாகவே பற்றிக்கொண்ட பாட்டு. அதன் வலிமைக்கு முதல் காரணம் அதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு காரணம் அதன் மெட்டில் இருக்கிறது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். எனவே நூறு மீட்டர் நீளமுள்ள திடலின் ஒரு முனையில் எழும் குரல் மறுமுனையை எட்டக் கால் நொடிக்கும் மேலாகிறது. வேகமான பாட்டாக இருந்தால் ஒரு பக்கம் ஒரு சொல்லிலும் மறுபக்கம் அடுத்த சொல்லிலும் நின்று குழம்பிப்போகும். இதுவோ நீண்ட சுரங்களைக் கொண்ட மெதுவான பாட்டு. தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, தலைப்பு வரியைக் கடைசிக்கென்றே வைத்திருப்பதால், பயிற்சியில்லாத ஆயிரக்கணக்கான தொண்டைகளும் அந்த உச்சியில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

கேள்வி: தோற்கும்போதும் இதைப் பாடுவார்களா?

பதில்: தோற்கும்போது பாடுவதுதான் அந்தப் பாட்டின் இயல்புக்கே பொருந்துகிறது. 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், ஏசி மிலானிடம் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த இடைவேளையில் லிவர்பூல் ரசிகர்கள் இதைத்தான் பாடினார்கள். ஆட்டம் 3-3 எனச் சமனாகி, பெனால்டியில் அந்த அணியே கோப்பையை வென்றது. 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்த பின்னர், லிவர்பூல் நகருக்கு இது இரங்கல் பாட்டாகவும் ஆயிற்று.

ஸ்காட்லாந்தின் செல்டிக் ரசிகர்களும் ஜெர்மனியின் டார்ட்மண்ட் ரசிகர்களும்கூட இதைத் தங்கள் பாட்டாகவே கொண்டிருக்கிறார்கள். 2016 மார்ச்சில் மைன்ஸ் அணியுடன் டார்ட்மண்ட் ஆடிக்கொண்டிருந்தபோது, ரசிகர் ஒருவர் மாரடைப்பால் இறந்துவிட்ட செய்தி இரண்டாம் பாதியில் இருக்கைதோறும் பரவியது. ஆர்ப்பரிப்பு அடங்கியது, கொடிகள் தாழ்ந்தன. சொந்த அணி இரண்டாவது கோலைப் போட்டபோதுகூட வழக்கமான கொண்டாட்டம் எழவில்லை. கடைசி நிமிடங்களில், கழுத்துத் துண்டுகளை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபடி அரங்கம் இந்தப் பாட்டைப் பாடியது.